நாற்காலியில் யார்? நியமிப்பவர் யார்?

முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அதற்கு ஒரு வாத்தியார்.

1868-ம் ஆண்டு இப்படி ஒரு வாக்குறுதி எழுதிக் கொடுக்கப்பட்டது. கொடுத்தது அமெரிக்க சர்க்கார். பெற்றுக்கொண்டவர்கள் நவஹோ மக்கள்.

நவஹோக்கள் அமெரிக்காவின் பூர்வகுடிகள். பழைய புத்தகங்களில் "செவ்விந்தியர்" என்ற பெயரில் இவர்களையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அவர்கள் தங்களை "டினே" என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு "மக்கள்" என்று அர்த்தம்.

சர்க்கார் அந்த வாக்குறுதியைச் சும்மா கொடுத்துவிடவில்லை. அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, 1864-ல், பட்டாளம் வந்தது. சோளக் கொல்லைகளுக்குத் தீ வைத்தது. கனி தரும் மரங்களை வெட்டிச் சாய்த்தது. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் நவஹோக்களை 300 மைலுக்கு மேல் நடக்க வைத்துக் கொண்டுபோய், ஒரு வறண்ட பூமியில் அடைத்தது. அடைபட்டவர்கள் 8 ஆயிரம் பேருக்கு மேல். பசியாலும் நோயாலும் ஏராளமானோர் அங்கேயே மடிந்தார்கள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. "சொந்த ஊருக்குத் திரும்பலாம். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்" என்றது சர்க்கார். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்ற பேச்சு அந்த ஒப்பந்தத்தில்தான் வருகிறது.

ஊருக்குத் திரும்பினார்கள். வாத்தியார்கள் சொன்ன கணக்குப்படி வந்து சேரவில்லை.

பிற்காலத்தில் பள்ளிக்கூடங்கள் வந்தன. எப்படிப்பட்ட பள்ளிக்கூடங்கள்? தாய் தகப்பனை விட்டுப் பிரித்து, எங்கோ தூரத்தில் தங்க வைத்துப் படிப்புச் சொல்லித் தரும் விடுதிப் பள்ளிகள். போன உடனே பிள்ளையின் தலைமயிரை வெட்டிவிடுவார்கள். அம்மாவிடம் பேசிய பாஷையை வாய் தவறிப் பேசினாலும் தண்டனை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது உலக யுத்தத்தில் அதே பாஷை அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 1942-ல் 29 நவஹோ வாலிபர்களைச் சேர்த்து, அவர்கள் பாஷையிலேயே ஓர் இரகசியச் சங்கேதம் உண்டாக்கினார்கள். பின்னர் சுமார் 400 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். ஜப்பானியரால் கடைசிவரை அதை உடைக்க முடியவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் அது இரகசியமாகவே இருந்தது. 1968-ல்தான் திரை விலகியது.

அதே 1968-ல் இன்னொரு காரியம் நடந்தது. ஒப்பந்தம் எழுதி 100 வருடம் முடிந்த அந்த ஆண்டில், நவஹோ மக்களின் மன்றம் கூடி, "நமக்கு நாமே ஒரு கல்லூரி நடத்துவோம்" என்று தீர்மானம் போட்டது.

அமெரிக்காவில் பூர்வகுடிகள் தங்கள் கையால் தொடங்கி, தாங்களே நடத்திய முதல் கல்லூரி அதுதான். பெயர் "நவஹோ சமுதாயக் கல்லூரி".

தீர்மானம் போட்டாயிற்று. இடமும் கிடைத்துவிடும். தலைவர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஒரு கல்லூரியின் தலையெழுத்தே அதில் இருக்கிறது.

இரண்டு வருடப் படிப்பு

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியும். அவற்றின் சம்பளத்தைக் கேட்டால் ஏழைக்குத் தலை சுற்றும். ஏழைக்காகவும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்காகவும், குழந்தையை வைத்துக்கொண்டு படிக்க வரும் தாய்க்காகவும் ஏற்பட்டவை சமுதாயக் கல்லூரிகள். இரண்டு வருடப் படிப்பு. சம்பளம் குறைவு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் வகுப்பு வைப்பார்கள். நர்ஸ் வேலை, மோட்டார் ரிப்பேர், கணக்கு எழுதுதல் முதலியவற்றைக் கற்றுக்கொண்டு நேரே வேலைக்குப் போகலாம். மேலே படிக்க விரும்புகிறவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாவது வருடத்தில் போய்ச் சேரலாம்.

இந்த வகையில் சர்க்கார் பணத்தில் நடந்த பழைய கல்லூரி ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் ஆரம்பமானது. இப்போது அந்த நாட்டில் இப்படிப்பட்ட கல்லூரிகள் ஆயிரம் வரை இருக்கின்றன. கறுப்பர்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், பூர்வகுடிகள், பிழைக்க வந்து குடியேறியவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரியின் முதல் படி இதுதான்.

கல்லூரித் தலைவரை அங்கே "பிரசிடெண்ட்" என்பார்கள். நம் ஊர்ப் பிரின்சிபாலைவிட அவருக்குப் பொறுப்பு அதிகம். யாரை வாத்தியாராக எடுப்பது, எந்தப் பாடம் வைப்பது, எந்தக் கட்டடத்தை முதலில் கட்டுவது என்ற காரியங்களில் அவர் பேச்சு நிற்கும். சட்டசபை வாசலில் போய் நின்று பணம் கேட்பதும் அவர் வேலைதான்.

அவரை நியமிப்பது யார்? கல்லூரியின் ஆட்சிக் குழு. சில ஊர்களில் ஜனங்களே ஓட்டுப் போட்டு ஆட்சிக் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேறு சில ஊர்களில் மேயரோ கவர்னரோ நியமிக்கிறார். தலைவர் பதவி காலியானால் விளம்பரம் செய்வார்கள். ஒரு கமிட்டி போடுவார்கள். வந்த மனுக்களைச் சலித்துச் சலித்து, கடைசியில் மூன்று நான்கு பேரை நிறுத்துவார்கள். அவர்கள் ஊருக்கு வந்து வாத்தியார், மாணவர், ஊரார் ஆகியோர் முன்னால் பேசுவதும் உண்டு. கடைசி ஓட்டு ஆட்சிக் குழுவுடையது.

அதாவது, நாற்காலியில் உட்காருகிறவருக்குப் பின்னால் இன்னும் சில நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றை ஜனங்கள் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. பத்திரிகையிலும் அந்த முகங்கள் வருவது அபூர்வம்.

முதல் தலைவர் வெள்ளைக்காரர்!

நவஹோ கல்லூரியின் முதல் தலைவர் ஒரு வெள்ளைக்காரர்!

படிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வெள்ளைக்காரர் நடத்திய பள்ளியில் பட்ட பாடு போதாதா? சொந்தமாகக் கல்லூரி வைத்தும் ஒரு வெள்ளைக்காரரையா தேட வேண்டும்?

அவர் பெயர் ராபர்ட் ரோசல். நவஹோ நாட்டுக்கு வாத்தியாராக வந்தவர். அங்கேயே தங்கிவிட்டார். ரூத் என்ற நவஹோப் பெண்ணை மணந்துகொண்டார். அந்த அம்மாளும் வாத்தியார். ரோசல் டாக்டர் பட்டம் பெற்ற படிப்பாளி.

அவரைக் கல்லூரிக்குத் தலைவராக்கியதற்கு முன்கதை ஒன்று உண்டு.

1966-ம் ஆண்டு ரப் ராக் என்ற கிராமத்தில் ஒரு சோதனைப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதற்கு டைரக்டர் ரோசல். பள்ளிக்கூடத்தை மேற்பார்க்க ஒரு குழு ஏற்பட்டது. குழுவில் இருந்தவர்கள் அந்தச் சுற்றுவட்டார நவஹோக்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். ஆடு வளர்ப்பவர்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவன் பள்ளிக்கூடத்தை நடத்துவதாவது!" என்று சிரிக்கத் தோன்றும். அந்தக் குழு நடத்திக் காட்டியது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் வேண்டும், நவஹோவும் வேண்டும் என்றது. பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் வந்து கதை சொன்னார்கள். எந்தப் பாஷைக்குப் பிரம்படி விழுந்ததோ, அந்தப் பாஷைக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது.

இரண்டு வருடம் ஆயிற்று. ரோசல் டைரக்டர் பதவியிலிருந்து விலகினார். டில்லன் பிளாட்டரோ என்ற நவஹோ 1968-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

ஆகவே, கல்லூரிக்கு அவரை அழைத்தவர்களுக்கு இந்த மனிதரைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரியும். நாற்காலியைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ள மாட்டார். எழுந்திருக்கத் தெரிந்தவர்.

அழைத்தவர்கள் யார் என்பது இன்னும் முக்கியம். கல்லூரியின் ஆட்சிக் குழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் நவஹோக்கள்! வாஷிங்டனில் இருந்து உத்தரவு வந்து ரோசல் தலைவராகவில்லை. எந்த மாதா கோவில் சபையும் அனுப்பி வைக்கவில்லை. நவஹோக்களே கூடிப் பேசி, "இப்போதைக்கு இவர் வேண்டும்" என்று வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்கிறவனுக்கு அனுப்பி வைக்கவும் உரிமை உண்டு. விடுதிப் பள்ளிக்கும் இந்தக் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

1969-ம் ஆண்டு ஜனவரி மாதம் வகுப்புகள் தொடங்கின. சொந்தக் கட்டடம் இல்லை. அரிசோனா மாநிலத்தில் மெனி பார்ம்ஸ் என்ற ஊரில் சர்க்கார் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அதில் ஒண்டுக்குடித்தனம். சேர்ந்த மாணவர்கள் சில நூறு பேர்.

அந்த ஆண்டே ரோசல் தலைவர் நாற்காலியை விட்டார். ஒரு நவஹோ அந்த இடத்துக்கு வந்தார்.

பாடகர் வீட்டுப் பிள்ளை

அவர் பெயர் நெட் ஹடாத்லி.

"ஹடாத்லி" என்ற சொல்லுக்கு நவஹோ பாஷையில் பாடகர் என்று பொருள். சாதாரணப் பாட்டுக்காரர் அல்ல. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, சடங்கு செய்து, இரவு இரவாகப் பாடி, நோயைத் தீர்க்கும் வைத்தியர். நம் ஊரில் வைத்தியர் வீடு, புலவர் வீடு என்று சொல்வதில்லையா? அப்படி ஒரு பெயர்.

ஹடாத்லி காலேஜ் காலேஜாக வேலை பார்த்து மேலே வந்தவர் அல்ல. நவஹோப் பெண்கள் நெய்யும் கம்பளத்துக்கு உலகத்தில் பெயர் உண்டு. நவஹோத் தட்டார்கள் செய்யும் வெள்ளி நகைக்கும் அப்படியே. அந்தக் கைத்தொழில்காரர்களின் சங்கத்தை நிர்வகித்தவர் ஹடாத்லி. நவஹோ மன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். நெசவுக்காரியிடம் கம்பளத்துக்கு விலை பேசத் தெரியும். வாஷிங்டன் உத்தியோகஸ்தரிடம் இங்கிலீஷில் வாதாடவும் தெரியும்.

இன்றைக்குக் கல்லூரித் தலைவர் வேலைக்கு விளம்பரம் செய்தால், அவர் மனுவைச் சில கமிட்டிகள் முதல் சலிப்பிலேயே ஒதுக்கிவிடும். "டாக்டர் பட்டம் எங்கே? இதற்கு முன் எந்தக் கல்லூரியை நடத்தினார்?" என்பார்கள்.

நவஹோக்கள் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் காலத்தில் அவர்களுக்கு நவஹோத் தலைவர் கிடைத்திருக்கவே மாட்டார். ஒரு ஜனத்துக்கு நூறு வருடம் கல்லூரி இல்லாமல் செய்துவிட்டு, "கல்லூரி நடத்திய அனுபவம் உண்டா?" என்று கேட்பது என்ன நியாயம்?

இதனால் படிப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. படிப்பில் தேறாதவரைச் சொந்தக்காரர் என்பதற்காக உட்கார வைத்தால், அவதிப்படப் போவது அந்த ஜனத்தின் பிள்ளைகள்தான். ஊரார் காசும் போகும், பிள்ளையின் இரண்டு வருடமும் போகும். ஹடாத்லி தகுதி இல்லாதவர் அல்லர். அவருடைய தகுதி வேறு இடத்தில் சம்பாதித்தது. அதைத் தகுதி என்று கண்டுகொள்ள நவஹோக்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டியிருந்தது.

அவர் தலைமையில் கல்லூரி என்ன செய்தது?

நவஹோ சரித்திரம், நவஹோ பாஷை ஆகியவை பாடமாயின. நெசவும் வெள்ளி வேலையும் பாடமாயின. பட்டம் வாங்காத கிழவர்கள், சடங்குப் பாடகர்கள் ஆகியோர் வாத்தியார்களாக வகுப்பில் நின்றார்கள். வழக்கமான கல்லூரிப் பாடங்களையும் விட்டுவிடவில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது இரண்டு குதிரையை ஒரே வண்டியில் பூட்டுவது போன்ற வேலைதான்.

பணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது அல்லவா? பணத்துக்கு வாஷிங்டனில் மன்றாடினார்கள். 1971-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு கல்லூரிக்காகவே தனிச் சட்டம் செய்து, பணத்துக்கு வழி பண்ணியது. சைலீ என்ற இடத்தில், உயரமான மலைப் பூமியில், புதிய கட்டடங்கள் எழும்பின.

அவற்றில் குடியேறும் நாளைக் காண ஹடாத்லிக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1972-ல் அவர் காலமானார். கல்லூரி 1973-ல் புது இடத்துக்குப் போயிற்று.

வாஷிங்டனில் ஒரு வாரம்

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. இது சமுதாயக் கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். ஆனாலும் விஷயம் ஒன்றுதான்.

வாஷிங்டன் நகரில் காது கேளாதவர்களுக்கென்று கல்லாடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1864-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு, பட்டம் கொடுக்கும் உரிமையைப் பெற்ற பழைய ஸ்தாபனம். 124 வருடம் நடந்தது. காது கேளாத ஒருவர்கூட அதற்குத் தலைவராக வந்ததில்லை!

1988-ல் தலைவர் பதவி காலியாயிற்று. கடைசிப் போட்டியில் மூன்று பேர். இருவர் காது கேளாதவர்கள். ஒரு அம்மையார் காது கேட்பவர். அவருக்குக் கைச்சாடைப் பாஷை தெரியாது.

மார்ச் 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முடிவு வெளியாயிற்று. அந்த அம்மையார்தான் தலைவர் என்றார்கள்.

முடிவு செய்தது யார்? 21 பேர் கொண்ட ஆட்சிக் குழு. அதில் காது கேட்பவர்கள் 17 பேர். காது கேளாதவர்கள் 4 பேர்.

மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். குழு கூடியிருந்த ஓட்டலுக்கே ஊர்வலம் போனார்கள். மறுநாள் கார்களைக் குறுக்கே நிறுத்திப் பல்கலைக்கழக வாசல்களை அடைத்துவிட்டார்கள்.

அவர்கள் நான்கு கோரிக்கைகளை வைத்தார்கள். காது கேளாத தலைவர் வேண்டும். குழுவின் தலைவி விலக வேண்டும். போராடியவர்களைத் தண்டிக்கக் கூடாது. நாலாவது, ஆட்சிக் குழுவில் காது கேளாதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

இருபது வயதுப் பிள்ளைகள். கோபத்தில் தெருவுக்கு வந்தவர்கள். ஆனாலும் நாற்காலியை மட்டும் கேட்கவில்லை பாருங்கள். பின்னால் இருக்கிற நாற்காலிகளையும் சேர்த்துக் கேட்டார்கள். பெரியவர்கள் பலருக்கு வராத யோசனை இது.

வியாழக்கிழமை அந்த அம்மையார் ராஜினாமா செய்தார். அவர் மேல் மாணவர்களுக்குத் தனிப்பகை கிடையாது. அவரும் பெருந்தன்மையாக விலகினார் என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு, மார்ச் 13-ந் தேதி, கிங் ஜோர்டான் என்பவர் தலைவரானார். 21-வது வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காது கேட்கும் சக்தியை இழந்தவர் அவர். குழுவின் தலைவியும் விலகினார். அந்த இடத்துக்குக் காது கேளாதவர் ஒருவரே வந்தார். ஒரே வாரத்தில் நான்கு கோரிக்கைகளும் ஜெயித்தன.

இந்த ஜோர்டான் அந்த வாரத்தின் நடுவில் கொஞ்சம் தடுமாறியவர்தான். புதன்கிழமை குழுவின் முடிவை ஆதரித்துப் பேசினார். வியாழக்கிழமை அதை மாற்றிக்கொண்டு மாணவர் பக்கம் வந்தார். மாணவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எழுதுவதற்குச் சுலபம். முடியவில்லை.

நம்மவர்தான், ஆனாலும்...

18 வருடம் கழித்து, 2006-ல் ஜோர்டான் ஓய்வு பெறும் காலம் வந்தது. அடுத்த தலைவராக ஒரு பெண்மணியைக் குழு தேர்ந்தெடுத்தது. அவர் பிறவியிலேயே காது கேளாதவர். பல வருடம் அங்கே பெரிய பதவியில் இருந்தவர். ஜோர்டானும் அவரை ஆதரித்தார்.

மறுபடியும் மாணவர்கள் வாசலை அடைத்தார்கள்!

ஏன்? ஆட்சேபம் ஒரே மாதிரியாக இல்லை. தேர்ந்தெடுத்த முறை சரியில்லை என்றார்கள் சிலர். அவர் மற்றவர்களை நடத்தும் விதம் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். அவர் வாய்ப் பேச்சிலேயே வளர்ந்து, 20 வயதுக்கு மேல்தான் கைச்சாடைப் பாஷை கற்றுக்கொண்டவர். அதனால் தம்மை ஒதுக்குகிறார்கள் என்று அந்த அம்மையார் வருந்தினார். அக்டோபரில் போலீசார் 130 பேருக்கு மேல் கைது செய்தார்கள். கடைசியில் அந்த மாத முடிவில் குழு அவர் நியமனத்தை ரத்து செய்தது.

1988-ல் யாருக்காகப் பிள்ளைகள் தெருவில் நின்றார்களோ, அதே ஜோர்டான் 2006-ல் எதிர்ப்பக்கத்தில் நின்றார். காலம் எப்படி மனிதரை இடம் மாற்றி நிறுத்துகிறது!

2006-ல் யார் பக்கம் நியாயம் என்று இத்தனை தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கண்கூடு. "நம்மவர்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தலைவரைத் தேட முடியாது. நம்மவரிலும் எத்தனையோ விதம். பாஷை வேறு, வளர்ப்பு வேறு, குணம் வேறு. நம்மவர் என்பதற்காக அவர் செய்வதெல்லாம் சரியாகவும் ஆகாது.

அப்படியானால் 1988-ம் வருடப் போராட்டம் வீணா? இல்லை. 124 வருடம் ஒருவர்கூட வராதபோது, "தகுதியைப் பார்த்துத்தான் எடுத்தோம்" என்ற பேச்சு எடுபடாது. அந்தக் கதவை ஒருமுறை உடைத்தாக வேண்டியிருந்தது. உடைத்த பிறகு, அடுத்தடுத்துத் தேடும்போதெல்லாம் கஷ்டமான கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

கேட்க வேண்டியவை

கமிட்டிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்துக் கேட்பவை. என்ன பட்டம், எத்தனை வருடச் சர்வீஸ், எவ்வளவு பட்ஜெட்டை நிர்வாகம் செய்தார்? இவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கணக்குத் தெரியாத தலைவர் கல்லூரியை மூடிவிட்டுப் போவார்.

ஆனால் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் காகிதத்தில் வராத சங்கதிகள் உண்டு. மாணவனின் தாய் அலுவலக வாசலுக்கு வந்தால், தலைவர் அவளுடன் எந்தப் பாஷையில் பேசுவார்? துபாஷி வைத்துக்கொள்வாரா, தானே கற்றுக்கொள்வாரா? பாதி வருடத்தில் படிப்பை விட்டுப் போகும் பிள்ளையைச் சோம்பேறி என்பாரா? அல்லது வீட்டில் பனி விழுந்து பாதை அடைபட்டதா, ஆட்டைப் பார்க்க ஆள் இல்லையா, பஸ் இல்லையா என்று விசாரிப்பாரா? தமக்குப் பிறகு யார் என்று ஒருவரையாவது பக்கத்தில் வைத்துப் பழக்குவாரா?

இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ரோசல் அதற்குக் கேளாமலே பதில் சொன்னவர். ஒருமுறை பள்ளிக்கூடத்தில், ஒருமுறை கல்லூரியில்.

சீக்கிரம் எழுந்திருப்பதுதான் எல்லா இடத்திலும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. தெற்கு டகோடா மாநிலத்தில் லகோட்டா மக்களுக்குச் "சிண்டே கிளஸ்கா" என்று ஒரு கல்லூரி இருக்கிறது. நவஹோக்களைப் பார்த்து உற்சாகமடைந்த காலத்தில் தோன்றிய கல்லூரிகளில் ஒன்று. 1973-ல் லயனல் போர்டோ என்ற லகோட்டா அதன் தலைவரானார். சுமார் அரை நூற்றாண்டு அவரே தலைவர்! சின்னக் கல்லூரியாக ஆரம்பித்தது அவர் காலத்தில் பல்கலைக்கழகம் ஆயிற்று. அந்த மக்கள் அவரை அத்தனை காலம் வைத்திருந்தார்கள். வைத்திருந்தது அவர்கள் இஷ்டம்.

தலைவர் மேலே பார்த்துப் பதில் சொல்கிறாரா, எதிரே பார்த்துப் பதில் சொல்கிறாரா? மேலே உள்ள சர்க்காரும் பணக்காரரும் நியமித்தால், அவர் எத்தனை நல்லவரானாலும் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் நியமித்தால் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். மனித சுபாவம் அது. வெள்ளைக்கார ரோசல்கூட நவஹோக்களின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பும் சொல்வார்கள். "ஊரார் கையில் கொடுத்தால் உள்ளூர்க் கட்சிச் சண்டை கல்லூரிக்குள் வந்துவிடுமே? மாமனுக்கும் மச்சானுக்கும் உத்தியோகம் கொடுப்பார்களே?" வரும். கொடுப்பார்கள். அப்படி நடக்காத ஊர் உலகத்தில் இல்லை. ஆனால் உள்ளூர்க்காரன் தப்புச் செய்தால் உள்ளூரில் கேட்கலாம். சந்தையில் மடக்கிக் கேட்கலாம். தூரத்தில் உட்கார்ந்திருப்பவன் தப்புச் செய்தால், மனு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்ற வாக்குறுதியைக் கேட்டு நவஹோக்கள் காத்திருந்தது போல.

கிழக்கே பார்த்த வாசல்

நவஹோக்களின் பழைய வீட்டுக்கு "ஹோகன்" என்று பெயர். மரத்தாலும் மண்ணாலும் வட்ட வடிவமாகக் கட்டுவார்கள். வாசல் கிழக்கே பார்த்து இருக்கும். சூரியன் உதிக்கும்போது முதல் வெளிச்சம் வீட்டுக்குள் வர வேண்டும்.

சைலீயில் கட்டிய கல்லூரியையும் வட்டமாகவே அமைத்தார்கள். நடுநாயகமாக ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. அதுவும் ஹோகன் சாயலில், சுற்றிலும் கண்ணாடி பதித்தது. அதற்கு நெட் ஹடாத்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பூர்வகுடிகளின் மற்றக் கல்லூரிகளுக்கும் பணம் கிடைக்க 1978-ல் பொதுச் சட்டம் வந்தது. இப்போது அப்படிப்பட்ட கல்லூரிகள் 30-க்கு மேல் இருக்கின்றன. நவஹோ சமுதாயக் கல்லூரி 1997-ல் தன் பெயரை "டினே கல்லூரி" என்று மாற்றிக்கொண்டது. நான்கு வருடப் பட்டப் படிப்பும் வந்துவிட்டது.

ஹடாத்லி காலமானபோது ஆட்சிக் குழு மறுபடியும் கூடிற்று. இந்தத் தடவை யாரையும் வெளியூரில் தேடவில்லை. தாமஸ் அட்சிட்டி என்ற நவஹோ தலைவரானார். கல்லூரியைப் புதுக் கட்டடத்துக்கு அழைத்துப் போனவர் அவர். 1998-ல் சில மாத காலம் அவர் நவஹோ நாட்டுக்கே தலைவராகவும் இருந்தார்.

ரோசல் 2006-ல் காலமானார். நவஹோ நாட்டுக்கு வந்தபோது அவர் இளைஞர். போகும்போது முதியவர்.